கலங்கல் கூடாது

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மீடியா அறையில் கூடியவர்கள் ஐந்து பேர். கூட்ட அறையில் அன்றுதான் பெயின்ட் அடித்திருந்தார்கள், அதனால் இங்கே. உட்கார்ந்திருந்த வரிசை பின்வருமாறு: கதவுக்கு நேர் எதிரே, அந்த அறையில் முதுகு வைத்த ஒரே நாற்காலியில், பிரிவுத் தலைவர். அவருக்கு இடப்பக்கம், உப்பு மூட்டை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல், உப்பு டாக்டர். கை கழுவும் தொட்டியின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும், அளவுக்கருவி அறையைப் பார்த்துக்கொள்வதால் நாங்கள் மீட்டர் என்று கூப்பிடுபவர். ஆட்டோகிளேவுக்குப் பக்கத்தில் தன் சொந்த முக்காலியில், அந்த அறைக்குப் பொறுப்பாளரான என் அண்ணி. மேல் அலமாரிக்கு ஏறும் குட்டி ஏணியின் இரண்டாம் படியில், மடியில் குறிப்பேட்டோடு நான்.

நான் இந்தப் பிரிவின் கடித எழுத்தர். எந்தக் கூட்டமானாலும் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் எழுதிக்கொள்வேன். யார் சொன்னது என்பது பிறகு மறந்துபோனாலும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது நினைவில் நிற்கும்.

மீடியா அறை என்றால் நுண்ணுயிர்களுக்குச் சமையல் நடக்கும் இடம். உப்பு, சத்து, தண்ணீர் எல்லாவற்றையும் சீட்டில் எழுதியபடி எடைபோட்டுக் கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அண்டாவில் வேகவைத்து, ஆறியதும் பாட்டிலில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அண்ணியின் வேலை. என் அண்ணன் மனைவி என்பதால் எனக்கு மட்டும் அண்ணியாக இங்கே வந்தவர், ஆறே மாதத்தில் பிரிவு முழுவதற்கும் அண்ணியாகிவிட்டார். உப்பு டாக்டர் ஒருவர் மட்டும்தான் அக்கா என்பார். அண்ணியைவிடப் பத்து வயது மூத்த மீட்டருக்குக்கூட அவர் அண்ணிதான்.

தலைவருக்குச் ‘சுருக்கம்’ என்று பெயர். “சுருக்கமா சொல்லுங்க” என்று நம்மைக் கேட்டுவிட்டு, நாம் வாய் திறப்பதற்குள் அவரே முக்கால் மணி நேரம் பேசிவிடுவார். கெட்ட மனிதர் இல்லை.

உப்பு டாக்டர் என்று நாங்கள் சொல்லும் அந்த அம்மா, உப்பில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பதும், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக வேலை. ஒன்பது ஆணைகளையும் தட்டச்சு செய்தவன் நான் என்பதால் எண்ணிக்கையில் பிழை இருக்காது. இந்த முறை நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. தேர்வுக் குழு மாதக் கடைசியில் கூடுகிறது. அச்சில் வந்த கட்டுரை இருந்தால்தான் விண்ணப்பத்தையே பிரிப்பார்கள். வயது வரம்பு நாற்பது. டாக்டருக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. ஆகவே, கட்டுரை இந்த இதழில் வந்தால் வேலைக்கு வழி உண்டு. வராவிட்டால் இனி எப்போதும் இல்லை.

கட்டுரை, பதினேழாம் எண்ணைப் பற்றியது. உப்பளத்தின் கடைசிப் பாத்தியில், தண்ணீர் இளஞ்சிவப்பாகும் இடத்தில், டாக்டர் அள்ளிவந்த நுண்ணுயிர் அது. கால் பங்கு உப்பு இருந்தால்தான் உயிரோடு இருக்கும். உப்பு குறைந்தால் வெடித்துவிடும். நாற்பது டிகிரி சூட்டில் வைத்தாலும் கண்ணுக்குத் தெரிய வளரப் பத்து நாள் எடுத்துக்கொள்ளும். இந்தப் பிகுவுக்காக அண்ணி அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார். அந்த மாப்பிள்ளை, உப்பு போதாதென்று, ஈயத்தையும் தாங்கியது. நாங்கள் பூச்சி என்று சொல்லும் மற்ற நுண்ணுயிர்கள் சுருண்டுவிடும் அளவைப்போல இருபது மடங்கு. ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டு, சரிபார்க்க அச்சுப்படியும் அனுப்பிவிட்டது.

அந்த இதழின் ஆசிரியர் பழைய மாதிரி மனிதர். மின்னஞ்சலுக்குப் பதில் போட மாட்டார். அச்சுப்படியைத் தாளில் அனுப்புவார், கையெழுத்தோடு தாளில் பதில் போனால்தான் இயந்திரத்தை ஓடவிடுவார். பதில் வியாழக்கிழமை அவர் மேசையில் இருக்க வேண்டும். அதற்கு இன்று மூன்று மணித் தபாலைப் பிடிக்க வேண்டும். அச்சுப்படியின் ஓரத்தில் அவர் எழுப்பியிருந்த ஏழு கேள்விகளில் ஆறாவது இது: ‘இங்கே குறிப்பிடப்படும் ஈயம், கரைசலில் போட்ட அளவா, கரைசலில் அளந்த அளவா?’

இதற்குப் பதில் எழுதத்தான் டாக்டர் திங்கட்கிழமை மூன்று புது பாட்டில்களை மீட்டரிடம் கொடுத்திருந்தார். சும்மா ஒரு எண்ணுக்காக.

“சுருக்கமா சொல்லு” என்றார் தலைவர்.

“சுருக்கம்தான் சார். லேபிள்ல நூறுன்னா உள்ள நாலு இருக்கு” என்றார் மீட்டர்.

“நாலா?”

“ஒரு பாட்டில்ல மூணரை. பெருந்தன்மையா நாலுன்னு சொல்றேன்.”

“மெஷின் சரியா இருக்கா?”

“மூணு தடவை ஓட்டினேன். வெறும் தண்ணி வச்சும் பாத்தேன். மெஷினும் நானும் ஒரே வருஷம் இங்க சேந்தவங்க சார், ரெண்டு பேர்ல யாருக்கு வயசாச்சுன்னு எனக்குத் தெரியும்.”

“மீதியை மாப்பிள்ளை சாப்பிட்டிருக்குமோ?”

“மாப்பிள்ளை இன்னும் வாசப்படியே மிதிக்கல சார். பூச்சி விடாத பாட்டில் இது.”

உப்பு டாக்டர் மூட்டையின் தையலில் தொங்கிய நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “ஈயம் ஆவியாப் போற சாமான் இல்ல” என்றார். “கண்ணாடியில ஒட்டினாலும் இவ்வளவு ஒட்டாது. மிச்சம் தொண்ணூத்தாறு எங்க போச்சு?”

அண்ணி என் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

“தம்பி, அவங்க ஈயம்னு சொல்றது அந்த வெள்ளைத் தூளையா?”

“எந்தத் தூள் அண்ணி?”

“ஆறினதும் அடியில பால் திரிஞ்ச மாதிரி நிக்குமே, அதான்.”

தணிந்த குரல் என்றேன். ஆனால் அறை அதைவிடத் தணிந்திருந்தது. நால்வரும் அண்ணியைப் பார்த்தோம்.

“அதை என்னக்கா பண்ணுவீங்க?” என்றார் டாக்டர்.

“வடிகட்டிடுவேன்.”

மீட்டர் தன் அளவுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“ஏம்மா வடிகட்டினீங்க?” என்றார் தலைவர்.

“கலங்கலா குடுக்கக் கூடாதுன்னு சுவத்துல ஒட்டியிருக்கே சார்.”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். எனக்குப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ‘4. கலங்கிய நிலையிலோ, அடியில் படிவு தங்கிய நிலையிலோ எந்தக் கரைசலும் இவ்வறையை விட்டு வெளியே செல்லலாகாது.’ நான்கு வருடத்துக்கு முன் பூஞ்சை பிடித்த பாட்டில் ஒன்று வெளியே போய் யாரோ ஒருவருடைய மூன்று வார வேலையைக் கெடுத்தபோது போட்ட சுற்றறிக்கை. கையெழுத்து தலைவருடையது, வாசகம் என்னுடையது. ‘செல்லலாகாது’ என்று முடித்த இடத்தில் அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மீட்டர் விளக்கினார். உப்புப் பூச்சிகளின் மீடியாவில் சல்பேட் நிறையப் போடுவார்கள். ஈயம் சல்பேட்டைக் கண்டால் விடாது. கட்டிப்பிடித்துக்கொண்டு வெள்ளையாக அடியில் உட்கார்ந்துவிடும். அந்த வெள்ளையைத்தான் அண்ணி மூன்று வருடமாகப் பொறுப்பாக எடுத்துவிட்டுத் தெளிவை மட்டும் அனுப்பியிருக்கிறார்.

“எனக்கு இது தெரியாதா என்ன” என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “முதல் தடவை கலங்கலாத்தான் வரும்னு நினைச்சேன். குலுக்கிட்டு ஊத்தலாம்னு இருந்தேன். தெளிவா வந்துச்சு. சரி, இவ்வளவு உப்புல ஈயம் கரைஞ்சுடுது போலன்னு சந்தோஷப்பட்டேன். அதுக்குத் தனியா ஒரு பாராவே எழுதியிருக்கேன்.”

“மூணாம் பக்கம், ரெண்டாவது பாரா” என்றேன். தட்டச்சு செய்தவன் நான்.

“வடிகட்டின தாளெல்லாம்?” என்றார் மீட்டர்.

“வச்சிருக்கேன். அறுபத்திரண்டு” என்றார் அண்ணி. சுற்றறிக்கையின் ஒன்பதாம் விதிப்படி உலோகக் கழிவைக் குப்பையில் போடக் கூடாது. கீழ் அலமாரியைத் திறந்து அகலவாய் ஜாடி ஒன்றைக் காட்டினார். உள்ளே மடித்த பொட்டலங்கள், ஒவ்வொன்றின் மேலும் தேதி. எதிலிருந்து வந்ததோ அந்த பாட்டிலின் எண்ணும் இருந்தது. இவ்வளவு ஒழுங்கை எதிர்பார்க்காத தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப நல்லதாப் போச்சு. இந்தத் தாள்ல இருக்கிறதைக் கழிச்சா உண்மையான அளவு வந்துடும். அட்டவணையைத் திருத்தி அப்படியே அச்சுக்கு விடுங்க.”

“விடலாம் சார்” என்றார் மீட்டர். “ஆனா நாலுன்னா பக்கத்துப் பாத்திப் பூச்சியும் தாங்கும். அதுக்குக் கட்டுரை எதுக்குன்னு ஏழு கேள்வி எழுபதாயிடும்.”

தலைவர் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. “கேள்வி என்ன கேட்டிருக்காரு? போட்ட அளவா, அளந்த அளவா. போட்ட அளவுன்னு எழுதுங்க. அதானே உண்மை. போட்டோம்ல?”

“போட்டோம் சார்” என்றார் அண்ணி. “நான்தான் எடை பாத்தேன். ஒரு மில்லிகிராம் குறையல.”

“முடிஞ்சுது. எழுதுப்பா.”

எழுதினேன். ‘தங்கள் ஆறாம் வினாவுக்கு: கட்டுரையில் குறிப்பிடப்பட்டுள்ளவை கரைசலில் சேர்க்கப்பட்ட ஈயத்தின் அளவுகள் ஆகும்.’ உரக்கப் படித்தேன். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. டாக்டர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பேனா மூடியைத் திறந்தார். ஒன்பது ஆணைகளிலும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று இதே பேனாவால்தான் கையெழுத்துப் போட்டார் என்று தோன்றியது, உறுதியாகச் சொல்ல முடியாது.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றார். “இதுல பொய்யே இல்ல, இல்லையா?”

“இல்ல டாக்டர்.”

“அதான் கஷ்டமா இருக்கு.”

மீட்டர் தொட்டியின் விளிம்பிலிருந்து இறங்கினார். “ஒண்ணு சொல்லவா? இதைப் படிச்சுட்டு வேற ஊர்ல ஒருத்தர் செஞ்சு பாப்பாரு. அவரு மீடியாவுல சல்பேட் இருக்காது. நூறும் கரைஞ்சு நிக்கும். அங்க அண்ணியும் இருக்க மாட்டாங்க. மாப்பிள்ளை நூறை நேர்ல பாத்ததே கிடையாது.”

“செத்துடும்ங்கிறியா?”

“தெரியாது சார். பிழைச்சாலும் பிழைக்கும். நாம அதைப் பாக்கவே இல்லன்னுதான் சொல்றேன்.”

“அப்ப பாத்துடுவோம். இப்பவே போடுங்கம்மா.”

“போடலாம் சார். பத்து நாள் ஆகும்” என்றார் அண்ணி. “அவசரம்னு சொன்னா மாப்பிள்ளை இன்னும் முறுக்கிக்குவாரு.”

அச்சு வெள்ளிக்கிழமை. பத்து நாளைச் சுருக்கத் தலைவராலும் முடியாது.

டாக்டர் எழுந்து வெளியே போனார். திறந்த கதவு வழியாக அவர் எதிர் அறையில் சூட்டுப் பெட்டிக்கு முன்னால் நிற்பது தெரிந்தது. பெட்டியைத் திறந்து இளஞ்சிவப்புப் புள்ளிகள் பூத்த தட்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடிவைத்தார். திரும்பி வரும்போது நாங்கள் நால்வரும் அவரைப் பார்க்காதவர்கள்போல ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வேலை கிடைச்சிடுச்சுன்னு வச்சுக்குவோம்” என்றார், மூட்டைமேல் உட்கார்ந்தபடி. “இருபது வருஷம். இருபது வருஷமும் யாராவது ‘பதினேழாம் எண் கொஞ்சம் அனுப்புங்க’ன்னு லெட்டர் போட்டுட்டே இருப்பாங்க. நான் தபால்காரரைப் பாத்தா பாத்ரூமுக்குள்ள ஒளியணும். என்னால ஆகாது. எனக்கு அவ்வளவு ஞாபக சக்தி இல்ல, எங்க ஒளிஞ்சேன்னு நானே மறந்துடுவேன்.”

“யோசிச்சுப் பேசும்மா” என்றார் தலைவர். அன்று முழுக்க அவர் வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாகத்தான் பேசினார். “வருஷா வருஷம் ஆர்டர் போட்டுட்டே இருப்பேன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது.”

“தெரியும் சார்.”

“இந்தக் குழு போனா போனதுதான்.”

“அதுவும் தெரியும் சார். வேற கடிதம் எழுதலாம்.”

மணி பன்னிரண்டேகால். அண்ணி எழுந்து ஈயத்தை எடைபோட ஆரம்பித்தார். வடிகட்டாமல் ஒன்று, சல்பேட்டே இல்லாமல் ஒன்று. பத்து நாள் இன்றே தொடங்கட்டும் என்று. நாங்கள் கடிதத்தில் இறங்கினோம். அதில் ஒரு மணி நேரம் போனது, முழுவதும் தப்பு யாருடையது என்பதிலேயே.

“‘கீழ்நிலை ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால்’னு ஆரம்பிக்கலாம்” என்றார் தலைவர். “அப்படித்தான் வழக்கம்.”

அண்ணி தராசிலிருந்து திரும்பினார். “யாரோட கவனக்குறைவு சார்? இவ்வளவும் கவனமா இருந்ததாலதான் ஆச்சு.”

தலைவர் அந்த வரியைக் கைவிட்டார்.

நான் சுற்றறிக்கையைக் காரணமாகச் சொல்லிவிடலாம் என்றேன். வாசகம் என்னுடையது, ஈயம் கலந்த கரைசலுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். “எடிட்டர் உங்க சுற்றறிக்கையை எதுக்குப் படிக்கணும்?” என்றார் டாக்டர். “அந்தச் ‘செல்லலாகாது’ அவருக்குப் பிடிக்கும்” என்றார் மீட்டர். வடிகட்டிய தாளோடு வடிகட்டியவர் பெயரையும் போட்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அண்ணி தராசின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னார். தாள் ஒன்றுகூடத் தவறவில்லை என்பதையும் சேர்த்துப் போட வேண்டுமாம்.

முதல் வரியை நான், ‘எதிர்பாராத சில காரணங்களால்’ என்று எழுதியிருந்தேன். இருபது வருடமாகக் கை தானாக அதைத்தான் எழுதும். டாக்டர் அதை அடித்தார். “காரணம் தெரியும்ல. ஒண்ணுதான். அதையே எழுதுங்க. மூணு வருஷத்துல ஒரு நாள்கூட நான் இந்த ரூமுக்கு வந்து பாட்டில் எப்படித் தெளிவா வருதுன்னு பாக்கல. பதினஞ்சு அடி தூரம்.”

“பதினஞ்சு அடிங்கிறதையும் எழுதவா?”

“வேண்டாம். அவரு அதுக்கும் அளந்ததா, மனசுல போட்டதான்னு கேப்பாரு.”

கடைசியில் நின்ற வாசகம் இது. ‘பதினேழாம் எண்ணைப் பற்றிய என் கட்டுரையை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் ஆறாம் வினாவுக்குப் பதில் தேடியபோது, கரைசலில் சேர்த்த ஈயத்தில் நூற்றுக்கு நான்கு பங்கே எஞ்சியிருந்தது தெரியவந்தது. மீதி, படிவாகி, பாட்டிலில் அடைக்கும் முன் வடிகட்டப்பட்டது. இங்கே கரைசல்களை வடிகட்டுவது நடைமுறை. அதை நான் கேட்டறியாமல் விட்டது என் தவறு. ஈயம் உப்பில் கரைந்துவிட்டது என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியதும் சரியல்ல. வடிகட்டிய தாள்கள் அறுபத்திரண்டும் தேதியோடு பாதுகாக்கப்பட்டுள்ளன. வடிகட்டாத கரைசலில் சோதனை இன்று தொடங்கப்பட்டுள்ளது. முடிவு எதுவானாலும் தங்களுக்கு எழுதுவேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி.’

கடைசி வரியை நான் ஆட்சேபித்தேன். அலுவலகக் கடிதத்தில் இப்படி எழுதுவதில்லை. டாக்டர் விடவில்லை. தலைவர் படித்துவிட்டு, “கொஞ்சம் சுருக்கமா இருக்கே” என்றார்.

இரண்டு மணிக்குத் தட்டச்சு செய்து, நகல் எடுத்து, எண் போட்டேன். டாக்டர் கையெழுத்திட்டார். வேகமாகவும் போடவில்லை, நிறுத்தியும் போடவில்லை. தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். பசைக் குப்பி காய்ந்துபோயிருந்தது. அண்ணி மீடியா அறையிலிருந்து கஞ்சிபோல எதையோ ஒரு கரண்டியில் கொண்டுவந்தார். “என்னது இது?” என்றேன். “அகார். மாப்பிள்ளைக்குத் தட்டுல ஊத்துற பாசிக் கூழ். நல்லா ஒட்டும்” என்றார். ஒட்டியது. டாக்டரே விரலால் மடிப்பை நீவி அழுத்தினார். நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

தபால் நிலையம் தெருமுனையில். நானே போய்விட்டு வருகிறேன் என்றேன்; அவரும் வந்தார். வழியில் அவர் கேட்டது ஒன்றுதான்: “விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்க ஏதாவது படிவம் இருக்கா, இல்ல அவங்களே தூக்கிப் போட்டுடுவாங்களா?” படிவம் கிடையாது, அவர்களே கழித்துவிடுவார்கள் என்றேன். “அப்ப ஒரு வேலை மிச்சம்” என்றார்.

எங்களுக்கு முன்னால் வரிசையில் இரண்டு பேர். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. கவுன்டரில் இருந்த அம்மாள் கண்ணாடிக்குக் கீழே கையை நீட்டினார்.

“வியாழக்கிழமை காலையில போயிடுமா?” என்றார் டாக்டர்.

“மூணு மணிப் பையில விழுந்தா போயிடும்.”

டாக்டர் உறையை உள்ளே நீட்டினார். ஒரு முனை அந்த அம்மாளின் கையில், மறு முனை இவர் விரல்களுக்கு நடுவில். எனக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றியது. கடிகார முள் நகரவில்லை.

“விடுங்கம்மா. எடை பாக்கணும்.”

“ஆமா, சாரி” என்றார் டாக்டர், விட்டார்.

அம்மாள் எடை பார்த்து, தபால்தலை ஒட்டி, ரப்பர் முத்திரையை மையில் தொட்டு உறைமேல் ஓங்கிக் குத்தி, திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் தொங்கிய பைக்குள் போட்டார்.